வில்லும் நாணும், காணாமற்போன அம்பும்

வடிவியல் பாடத்தில் அன்றாடம் புழங்கும் சொற்களைச் சற்று நின்று கேட்டால், அவற்றுட் சில வில்லாளியின் கையிலிருந்து வந்தவை என்பது புலப்படும். வட்டத்தின் விளிம்பில் ஒரு பகுதி வில். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குச் செல்லும் சிறு கோட்டுக்கு வடமொழிக் கணித நூல்கள் 'சரம்' என்று பெயரிட்டன. அம்பு என்பதே அதன் பொருள். ஐரோப்பியக் கணிதம் இலத்தீனிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்லும் அம்பையே குறிக்கிறது. நம் பள்ளிப் பாடங்களில் வில் இருக்கிறது, நாண் இருக்கிறது. அம்பை மட்டும் நாங்கள் கண்டதில்லை. நாணேற்றிய வில்லைக் கையில் கொடுத்துவிட்டு, எய்வதற்கு ஒன்றும் தராமல் பிள்ளைகளைத் தேர்வு மண்டபத்துக்கு அனுப்புகிறோமோ என்று எண்ணத் தோன்றியது. அந்த எண்ணத்தின் பின்னே சிறிது தூரம் நடந்து பார்த்ததை இங்கே பதிவு செய்கிறோம்.

குலசேகரத்தில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் சிறிய வாசக வட்டம் எங்களுடையது. எங்களுள் இருவர் கணித ஆசிரியர்கள். மற்றவர்கள் கணிதத்தைப் பள்ளியோடு விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு பக்கம் பேச்சிப்பாறை அணை, இன்னொரு பக்கம் திற்பரப்பு அருவி, நடுவே எங்கு திரும்பினாலும் ரப்பர்த் தோட்டம். ஜெயமோகன் 1990இல் வந்த தம் முதல் நாவலுக்கு 'ரப்பர்' என்று பெயரிட்டது இப்பக்கத்து வாசகர்களுக்கு வியப்பளித்திருக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேரோடு சில சனிக்கிழமைகள் உட்கார்ந்து, வட்டத்தின் நாண்கள் ஒன்றையொன்று வெட்டும்போது உண்டாகும் துண்டுகளின் நீளங்களைக் கையால் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

தேற்றம் எளியது. வட்டத்துக்குள் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் வழியே எந்த நாணை வரைந்தாலும் அது இரு துண்டுகளாகப் பிரியும். அவ்விரு துண்டுகளின் நீளங்களைப் பெருக்கினால் வரும் எண், நாணை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாது. யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் மூன்றாம் புத்தகத்தில் 35ஆம் கூற்றாக இதை நிறுவியிருக்கிறார். அவர் பெருக்கல் என்று சொல்வதில்லை. ஒரு நாணின் துண்டுகளைப் பக்கங்களாகக் கொண்ட செவ்வகம், மற்ற நாணின் துண்டுகளால் அமையும் செவ்வகத்துக்குச் சமம் என்கிறார். 2011இல் வந்த சமச்சீர்க் கல்விப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் தேற்றம் செவ்வகங்களின் பரப்பளவாகவே கூறப்பட்டிருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு சொல்முறை அப்படியே நம் ஊர்ப் பிள்ளைகளின் வாய்ப்பாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்நூலைப் படித்துத் தேறிய சிலரிடம், "வட்டத்தில் அந்தச் செவ்வகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பார்த்தோம். கேள்வியே அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

எங்கள் கருவிகள் மிகவும் மலிவானவை. 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தை அட்டையில் வரைந்து தெர்மோகோல் பலகையின்மேல் ஒட்டினோம். மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒரு குண்டூசி. அதைத் தொட்டபடி விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தையல் நூலை இழுத்து இருபுறமும் ஊசி குத்தினால் ஒரு நாண். மையத்தின் வழியே போகும் நாண் 6, 14 எனப் பிரிகிறது, பெருக்கினால் 84. நூலைச் சற்றுத் திருப்பினால் 7, 12 என்று பிரியும் இடம் ஒன்று உண்டு. மேலும் திருப்பினால் 8, 10.5. இன்னும் திருப்பினால் இரு துண்டுகளும் சமமாகும் நிலை வருகிறது. அப்போது ஒவ்வொரு துண்டும் 84இன் வர்க்கமூலம். கணக்கில் எல்லாமே 84தான்.

கையில் அப்படி வருவதில்லை. ஊசிக்குத் தடிமன் உண்டு, நூல் நெகிழும், அளவுகோலை ஒருவர் நேராகவும் ஒருவர் சாய்த்தும் பார்ப்பார். ஒரு குழுவுக்கு 7.1, 11.9 என்று வந்தது; பெருக்கினால் 84.49. இன்னொரு குழுவுக்கு 8, 10.4, பெருக்கினால் 83.2. சமமாக இருக்க வேண்டிய துண்டுகள் 9.2, 9.1 என்று வந்து 83.72 தந்தன. ஒரே ஒரு குழுவின் தாளில் மட்டும் எல்லா வரிசையிலும் 84 என்றே இருந்தது. அதில் கடைசி வரிசையைப் பார்த்தோம்: 9.2, 9.13.

மில்லிமீட்டர்க் கோடுகள் மட்டுமே உள்ள பள்ளி அளவுகோலில் 9.13 என்பதைப் படிக்கவே முடியாது. அந்த 3 அளவுகோலிலிருந்து வரவில்லை, 84ஐ 9.2ஆல் வகுத்ததிலிருந்து வந்தது. அதை எழுதிய மாணவி கூச்சமின்றியே சொன்னாள்: "ரெக்கார்டு நோட்டில அப்படித்தான் எழுதுவோம் சாரே. விடை ஒண்ணா வரலைன்னா திருப்பி எழுதச் சொல்லுவாங்க."

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையில், அளவு என்பது வெறும் சடங்கு. செய்முறை ஏட்டில் 84.49 என்று எழுதியவன் திருத்தப்படுகிறான். 84 என்று எழுதியவள் பாராட்டப்படுகிறாள். இதைப் பதினைந்து வயதில் ஒருவர் செம்மையாகக் கற்றுக்கொண்டால், பின்னாளில் மழைமானியின் பதிவேட்டிலும் மருத்துவமனைப் படுக்கையின் காய்ச்சல் அட்டையிலும் அதே கைதான் எழுதும். செய்து கற்றல் என்று நாம் கொண்டாடும் முறைக்குள்ளேயே ஒரு பொய் பழக்கப்படுகிறது என்பதை அந்த 9.13 எங்களுக்குக் காட்டியது. அதன் பிறகு எங்கள் சனிக்கிழமைகளின் நோக்கம் மாறிவிட்டது. தேற்றம் சரி என்று காட்டுவதைவிட, அளந்ததை அளந்தபடி எழுதிவிட்டு அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வியாயிற்று.

முதலில் பிசகை அளந்தோம். ஒவ்வொரு நீளத்திலும் அரை மில்லிமீட்டர் தவறலாம் என்று கொள்வோம். 7, 12 என்ற துண்டுகள் இரண்டும் ஒரே பக்கமாக அவ்வளவு தவறினால் பெருக்கலில் ஏறத்தாழ 1 சதுர செ.மீ. வரை விலகும். ஆகவே 83இலிருந்து 85 வரை எந்த எண் வந்தாலும் அது நேர்மையான அளவுதான். கரும்பலகையில் எல்லாக் குழுக்களின் எண்களையும் எழுதினோம். அவை 84ஐச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட 84இன் மேல் அமரவில்லை. அப்போது ஒரு பையன் கேட்ட கேள்வி, மொத்தப் பயிற்சியின் பயன் என்று சொல்லத்தக்கது: "யாருக்குமே 84 வரலை. அப்போ 84தான்னு யாரு கண்டா?"

நிறுவல் என்பது ஏன் தேவை என்று பாடநூல் ஒருபோதும் சொல்வதில்லை. அந்தப் பையன் தானாகவே அதன் வாசலில் வந்து நின்றான்.

உள்ளே போகுமுன் செவ்வகத்தைத் தேடினோம். ஒரே அட்டையிலிருந்து 6க்கு 14, 7க்கு 12, 8க்கு 10.5 என்று செவ்வகங்களை வெட்டி அடுக்கினால், ஒல்லியாய் உயர்ந்தது படிப்படியாகத் தடித்துக் குள்ளமாகிச் சதுரத்தை நெருங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. 30 செ.மீ. அளவுகோலை நடுவில் நூல்கட்டித் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் இரண்டு செவ்வகங்களை மாட்டினோம். தராசு நின்றது. எண்ணை நம்பாத பிள்ளைகளும் எடையை நம்பினார்கள்; கடைத்தெருவில் வளர்ந்த கண்ணுக்குத் தராசு பழகிய சாட்சி.

அடுத்த வாரம் அளவுகோலையே எடுத்து வைத்துவிட்டோம். அதற்குக் காரணமானவர் ஒரு மாணவனின் தந்தை, பால்வெட்டுத் தொழிலாளி. ஒட்டு ரப்பர் மரம், ஒட்டிய இடத்திலிருந்து 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. சுற்றளவை எட்டியதும் வெட்டுக்குத் தயார் என்பது கணக்கு. வெட்டு மரத்தை முழுதும் சுற்றுவதில்லை. சுற்றளவில் சரிபாதிதான், ஏறத்தாழ 30 பாகைச் சரிவில். அந்தப் பாதியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று மகனிடம் கேட்டோம். "கயிறைச் சுத்திப் பிடிச்சு ரெண்டா மடக்குவாரு சாரே" என்றான். அங்கே எண்ணே இல்லை. எண் இல்லாததால் எண்ணின் பிசகும் இல்லை. மடிப்பு ஒன்றை மற்றொன்றின்மேல் வைத்துச் சமம் என்று காட்டிவிடுகிறது.

மடித்தே வடிவியல் கற்கலாம் என்பதைத் தமிழ்நாட்டில் ஒருவர் நூற்றாண்டுக்கு முன்பே புத்தகமாக எழுதியிருக்கிறார். டி. சுந்தர ராவ் கல்லூரிப் பேராசிரியர் அல்லர், வருவாய்த்துறை அலுவலர். குழந்தைப் பள்ளிகளுக்கான காகித மடிப்புச் சாதனங்களைக் கண்டு, அந்த விளையாட்டிலிருந்து வடிவியலைக் கட்டி எழுப்பினார். அவருடைய ஆங்கில நூல் 1893இல் சென்னையில் வெளிவந்தது. ஜெர்மானியக் கணிதர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தம் எழுத்தில் குறிப்பிட, 1901இல் சிகாகோவிலிருந்து அதற்கு ஒரு பதிப்பு வந்தது. நம்மூர் அலுவலர் ஒருவர் காகிதத் துண்டுகளோடு கழித்த நேரம் உலகத்தைச் சுற்றிவந்தது; நம் வகுப்பறைக்குள் அது எவ்வளவு வந்தது என்பது வேறு கேள்வி.

வட்டமாக வெட்டிய காகிதத்தை, குறித்த புள்ளி மடிப்பில் படும்படி இரண்டாக மடித்தால் அந்தப் புள்ளி வழியே போகும் விட்டம். அந்த மடிப்பு தன்மேலேயே படியுமாறு அதே புள்ளியில் குறுக்கே மடித்தால் விட்டத்துக்குச் செங்குத்தான நாண். விரித்துவிட்டு மீண்டும் விட்டத்தின் வழியே மூடினால் நாணின் ஒரு பாதி மற்றொரு பாதியின்மேல் மயிரிழை பிசகாமல் படிகிறது. அளவுகோல் 9.2 என்றும் 9.1 என்றும் சொன்ன அதே துண்டுகள் இவை. காகிதத்தை வைத்திருந்த மாணவி அதை மூன்று நான்கு முறை மூடித் திறந்து பார்த்தாள்.

பிறகு நிறுவல். இதற்கும் கத்தரிக்கோல் போதும். இரு நாண்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எதிரெதிராக இரண்டு முக்கோணங்கள் உண்டாகும்படி நாண்முனைகளை இணைத்தோம். வெட்டும் புள்ளியில் அவற்றின் கோணங்கள் குத்தெதிர்க் கோணங்கள், ஆகவே சமம். ஒரே வில்லின்மேல் ஒரே பக்கத்தில் நிற்கும் கோணங்கள் சமம் என்பதால் மற்றொரு சோடியும் சமம். எனவே முக்கோணங்கள் வடிவொத்தவை. பக்கங்களின் விகிதத்தை எழுதினால் தேற்றம் நான்கு வரியில் முடிந்துவிடும். தேர்வுக்கு இந்த நான்கு வரி போதும். எந்தப் பக்கத்துக்கு எந்தப் பக்கம் இணை என்பதில்தான் பிள்ளைகள் ஆண்டுதோறும் தடுமாறுகிறார்கள்.

சிறிய முக்கோணத்தை வெட்டி எடுத்துப் பெரியதன் மூலையில் பொருத்தச் சொன்னோம். எல்லாரும் அதை அப்படியே சுழற்றிக் கொண்டுபோய் வைத்தார்கள். மூலை பொருந்தியது, ஆனால் மூன்றாம் பக்கங்கள் இரண்டும் வெவ்வேறு பக்கம் சாய்ந்து நின்றன. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒரு பையன் துண்டைப் புரட்டிப் போட்டான். மூன்றாம் பக்கங்கள் இணையாக நின்றன. "மறிச்சுப் போடணும்!" என்று அவன் கூவியதும் எல்லாக் குழுக்களிலும் காகிதங்கள் மறிந்தன. ஒரு நாணின் நெடுந்துண்டு ஏன் மற்ற நாணின் நெடுந்துண்டோடு சேராமல் அதன் குறுந்துண்டோடு விகிதம் கொள்கிறது என்பதற்கான விடை அந்தப் புரட்டலில் இருக்கிறது. அச்சிட்ட படத்தைப் புரட்ட முடியாது. வெட்டிய முக்கோணத்தை முடியும். கையால் செய்து பார்ப்பது நிறுவலுக்கு மாற்று என்று சிலர் எண்ணுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் கைதான் நிறுவலைக் கேட்டது. அதைப் புரியவைத்ததும் கைதான்.

இனி அம்புக்கு வருவோம். 499இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில், ஒரு நாணைச் செங்குத்தாக வெட்டும் விட்டத்தின் இரு துண்டுகளையும் அவர் இரண்டு அம்புகளாகக் கொள்கிறார். அவ்விரு அம்புகளின் பெருக்கம் பாதி நாணின் வர்க்கத்துக்குச் சமம் என்பது அவர் தரும் விதி. எங்கள் அட்டையில் அந்த அம்புகள் 6, 14. பாதி நாண் 84இன் வர்க்கமூலம். 629இல் அந்நூலுக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் இவ்விதிக்குத் தரும் கணக்குகளில் ஒன்று தாமரையைப் பற்றியது. நீருக்கு மேல் 8 விரல் உயரத்தில் நிற்கும் தாமரை காற்றில் சாய்ந்து, ஒரு முழம், அதாவது 24 விரல், தள்ளி நீரில் மூழ்குகிறது. தண்டின் நீளம் என்ன, நீரின் ஆழம் என்ன?

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தாமரையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. சாயும் தண்டு ஆரம். 8 விரல் சிறிய அம்பு. 24 விரல் பாதி நாண். 24இன் வர்க்கம் 576. அதை 8ஆல் வகுத்தால் பெரிய அம்பு 72. இரண்டையும் கூட்டினால் விட்டம் 80, தண்டு 40, ஆழம் 32. கரும்பலகையில் ஆணியடித்து 40 செ.மீ. நூலைச் சாய்த்துப் பார்த்தபோது, ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைய கணக்கொன்று எங்கள் முன் சுண்ணக்கட்டிக் கோடாக வளைந்தது.

அம்பு கைக்கு வந்ததும் எல்லாரும் எய்யத் தொடங்கினார்கள். ஒரு மாணவி தன் பென்சில் பெட்டியிலிருந்து உடைந்த வளையல் துண்டொன்றை எடுத்தாள். நாண் 4.8 செ.மீ., அம்பு 1.2 செ.மீ. பாதி நாண் 2.4, அதன் வர்க்கம் 5.76, 1.2ஆல் வகுத்தால் 4.8, அம்பைக் கூட்டினால் விட்டம் 6 செ.மீ. "சரிதான், அது டூ சிக்ஸ் வளையல்" என்றாள் பக்கத்திலிருந்தவள். வளையல் கடையில் 2.6 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும், ஏறத்தாழ 6.03 செ.மீ. தொல்லியலாளர் பானை ஓட்டின் விளிம்புத் துண்டிலிருந்து முழுப் பானையின் வாயகலத்தைக் கணிப்பதும் வளைவை நம்பித்தான். கடைக்காரரின் எண்ணும் எங்கள் எண்ணும் 0.03 வேறுபட்டதை இம்முறை யாரும் மறைக்கவில்லை. தாளில் இரண்டையும் எழுதி, கீழே வேறுபாட்டையும் எழுதியிருந்தார்கள்.

இம்முயற்சி புதிதென்று உரிமை கொண்டாட நாங்கள் முனையவில்லை. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி.கே. சீனிவாசன், 2005இல் மறையும்வரை கைப்பொருள்களைக் கொண்டு கணிதம் சொல்லிக்கொடுப்பதையே தம் பணியாகக் கொண்டிருந்தார். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் பெயரால் அருங்காட்சியகம் ஒன்று உருவானதும் அவருடைய முயற்சியால்தான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்குச் சென்ற செயல்வழிக் கற்றலும் இதே வழியைச் சேர்ந்தது. மேல்வகுப்புகளில் பொதுத்தேர்வு வந்து அட்டையையும் நூலையும் ஓரங்கட்டிவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கத்தரிக்கோலைக் கண்டால் பெற்றோருக்கே கவலை வந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ்நாட்டோடு சேரும்வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதி. எங்கள் தாத்தாக்கள் மலையாளத்தில் கணக்குப் படித்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வை எழுதியதும் அம்மொழியில்தான். நாண்களையும் அம்புகளையும் பற்றிய விதிகளைக் கூறுவதோடு நில்லாமல், அவை ஏன் உண்மை என்பதை உரைநடையில் படிப்படியாகச் சொல்லும் நூல் அது. யுக்தி என்றால் காரணம். "மறிச்சுப் போடணும்" என்ற கூவலும் அதன் சொந்தத்தில் ஒரு யுக்திதான் என்று எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் சொன்னபோது அதை மறுக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளி இன்னும் மிச்சமிருக்கிறது. அங்கிருந்து வரையும் தொடுகோட்டின் வர்க்கம், வெட்டுக்கோட்டின் வெளித்துண்டையும் முழுக்கோட்டையும் பெருக்கியதற்குச் சமம். பூமியையே வட்டமாகவும் கண்ணை வெளிப்புள்ளியாகவும் கொண்டால், தொடுகோடு என்பது கண்ணிலிருந்து அடிவானம் வரையுள்ள தொலைவு. பூமியின் விட்டம் ஏறத்தாழ 12,742 கி.மீ.; கடற்கரையில் நிற்கும் பிள்ளையின் கண் 1.5 மீட்டர் உயரம் என்றால் அடிவானம் 4.4 கி.மீ. தூரத்தில். 133 அடி திருவள்ளுவர் சிலையின் உச்சி உயரத்துக்கு, பாறையின் உயரத்தைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 23 கி.மீ. அடுத்த பயணம் கன்னியாகுமரிக்கு என்று முடிவாகியிருக்கிறது. காற்று ஒளியைச் சற்று வளைப்பதால் கணக்கிட்டதைவிடச் சிறிது கூடுதலாகவே தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். "அப்போ அங்கேயும் சரியா வராதா சாரே?" என்று கேட்டாள் 9.13 எழுதிய மாணவி. வராது என்றோம். தன் நோட்டில் கணக்கிட்டது, கண்டது, வேறுபாடு என்று மூன்று பத்திகளுக்குக் கோடு போட ஆரம்பித்தாள்.